உத்தரிக்கிற ஸ்தலம்: இராமநாதபுரம் கடலோர விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம், தொண்டி என்று இந்தக் கரை நெடுகிலும் ஒரே குடும்பத்துக்குள் ஆர்.சி. என்ற ரோமன் கத்தோலிக்கரும், புராட்டஸ்டண்டுகளான சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் இருப்பது சாதாரணம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது எழாத கேள்விகள், வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் எழுந்துவிடுகின்றன. முப்பதாம் நாள் பூசைக்கு யார் பணம் கொடுப்பது, கல்லறைத் திருநாளுக்குப் போகலாமா, இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எங்கள் சபைக்கு வருகிறவர்கள் மாறி மாறிக் கேட்பவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நான் புராட்டஸ்டண்டு விசுவாசி. இறந்தவர்கள் மோட்சம் சேரும் முன் சுத்திகரிக்கப்படுகிறார்கள் என்னும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற கத்தோலிக்கப் போதனையை ஏற்காதவன். அதை மறைத்துக்கொண்டு எழுதவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை உண்மையில் என்ன போதிக்கிறது?

இதை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு மறுப்பவர்கள் நம் மேடைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தேவனுடைய கிருபையில் இறந்தும் இன்னும் முழுத் தூய்மை அடையாதவர்கள், மோட்சத்துக்குள் நுழையும் முன் தூய்மையாக்கப்படுகிறார்கள் என்பதே போதனை. 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1030 முதல் 1032 வரையிலான பத்திகளில் இதைச் சொல்கிறது. அது இரண்டாவது வாய்ப்பு அல்ல. சாவான பாவத்தோடு, அதாவது தேவனோடுள்ள உறவையே முறிக்கும் கனமான பாவத்தோடு, மனந்திரும்பாமல் இறந்தவருக்கு அங்கே இடமில்லை. அங்கே இருக்கும் ஒவ்வொருவரும் மோட்சம் சேர்வது உறுதி. ஆயர்கள் கூடிய பொதுச் சங்கங்களில், 1274-இல் லியோன் சங்கமும், 1439-இல் புளோரன்ஸ் சங்கமும், 1563 டிசம்பரில் திரெந்து சங்கமும் இதை உறுதிப்படுத்தின. திரெந்து சங்கம் இரண்டே செய்திகளை அறுதியிட்டது: அப்படியொரு நிலை உண்டு, அங்குள்ள ஆத்துமாக்களுக்கு உயிரோடிருப்பவர்களின் வேண்டுதல்கள், குறிப்பாகப் பீடத்தின் பலியாகிய பூசை, உதவுகின்றன. எத்தனை ஆண்டு, எந்த மாதிரி நெருப்பு என்றெல்லாம் அது வரையறுக்கவில்லை. அது ஓர் இடமல்ல, ஒரு நிலை என்று போப் இரண்டாம் யோவான் பவுல் 1999-இல் விளக்கினார்.

ஆகவே ‘நரகத்துக்குப் பக்கத்து அறை’ என்று சொல்லி ஏளனம் செய்வதை நாம் விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் நம் மறுப்பு எதன்மேல்?

கிறிஸ்துவின் சிலுவைப் பலிக்குப் பிறகும் விசுவாசியின் கணக்கில் செலுத்த வேண்டிய தண்டனை மிச்சம் இருக்கிறது என்பதன்மேல். அந்த மிச்சத்தை இறந்தவர் தம் வேதனையால் தீர்க்கிறார், உயிரோடிருப்பவர்கள் பூசையாலும் செபமாலையாலும் தானதர்மத்தாலும் குறைக்கிறார்கள் என்பதன்மேல்.

படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் இறந்துபோனால் அந்தக் கடன் மகன் தலையில் விழுவதை இந்தக் கரையில் பார்த்திருக்கிறோம். வேறொருவர் வந்து அசலும் வட்டியுமாக அடைத்துக் கணக்கையும் முடித்துவிட்ட பிறகு, அந்த மகனிடம் யாரும் பணம் கேட்டு வரமாட்டார்கள். வந்தால் ஊர் சும்மா விடாது. “பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை ஒரே பலியினாலே இவர் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியிருக்கிறார்” என்று எபிரெயர் 10:14 சொல்கிறது. கிறிஸ்து அடைத்துவிட்டார் என்பதே சுவிசேஷம் என்றால், தகப்பனை இழந்த வீட்டில் போய் மிச்சக் கணக்கைப் பேசுவது எப்படி நியாயமாகும்? என் மனத்தை இந்தப் போதனைக்கு எதிராக நிறுத்துவது இந்த ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதைச் சுற்றி வருபவை.

பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் தண்டனை உண்டே? தாவீதுக்குத் தேவனுடைய மன்னிப்பை நாத்தான் தீர்க்கதரிசி அறிவித்தும் குழந்தை செத்ததே?

கத்தோலிக்க வாதங்களில் வலுவானது இதுதான். பாவத்தின் குற்றம் மன்னிக்கப்படும், ஆனால் அநித்திய ஆக்கினை என்ற, நித்தியமல்லாத தண்டனை மீதியிருக்கும் என்று அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் அதற்கு முதற்சான்று. தேவன் தாவீதின் பாவத்தை நீக்கினார்; குழந்தையோ இறந்தது.

பாவத்துக்கு இவ்வுலகில் விளைவுகள் உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. குடித்துக் குடலைக் கெடுத்துக்கொண்டவர் மனந்திரும்பினாலும் நோய் உடனே போய்விடாது. தேவன் தாம் அன்புகூருகிறவனைச் சிட்சிக்கிறார் என்றும் எபிரெயர் 12 கற்பிக்கிறது. ஆனால் அது பிள்ளையைத் திருத்தும் தகப்பனின் கை. இன்னும் இவ்வளவு வேதனை பாக்கி என்று கணக்குத் தீர்க்கும் கை அல்ல. அந்தச் சிட்சை எல்லாம் இந்த வாழ்வில் நடக்கிறது. மரணத்துக்குப் பின்னும் அது தொடரும் என்று அந்த அதிகாரத்தில் ஒரு சொல் கிடையாது.

அதே 12-ஆம் அதிகாரத்தை இன்னும் சில வசனங்கள் தள்ளிப் படியுங்கள். குழந்தை உயிரோடிருந்தவரை தாவீது உபவாசமிருந்து தரையில் கிடந்து மன்றாடினான். இறந்துவிட்டது என்று தெரிந்ததும் எழுந்து குளித்து, ஆலயத்தில் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். ஊழியக்காரர் திகைத்துக் கேட்டபோது, நான் அதனிடத்துக்குப் போவேனே தவிர அது என்னிடத்துக்குத் திரும்பி வராது என்றான். இறந்தது சிறு குழந்தை என்பதால் இதை உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு நேரடி மறுப்பாக நான் எடுக்கவில்லை. ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒரு மனிதன் மன்றாட்டை எங்கே நிறுத்தலாம், எதை நம்பி எழுந்து சாப்பிடலாம் என்பதை வேதம் இங்கே காட்டுகிறது.

தீட்டுள்ளது எதுவும் பரலோகத்துக்குள் நுழையாது என்று வெளிப்படுத்தல் 21:27 சொல்கிறதே? அரைகுறையாகச் சாகிற நம்மை எங்கே சுத்தமாக்குவது?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். சி.எஸ். லூயிஸ் போன்ற ஆங்கிலிக்க எழுத்தாளர் ஒருவரே இந்தக் காரணத்துக்காக மரணத்துக்குப் பின் ஒரு சுத்திகரிப்பு உண்டு என்று நம்பினார். நாம் யாரும் முழுப் பரிசுத்தத்தோடு சாவதில்லை; கோபம், பொறாமை, பழைய பகை எல்லாவற்றோடும்தான் கண்ணை மூடுகிறோம். சுத்தமாக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. அதை யார் செய்கிறார், எவ்வளவு நேரத்தில் செய்கிறார் என்பதில்தான் வேறுபாடு.

கத்தோலிக்கப் போதனையே இங்கே நமக்குச் சாட்சி சொல்கிறது. வளர்ந்த ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற அந்த நொடியில் இறந்தால், பாவமும் பாவத்துக்குரிய தண்டனையும் முழுவதும் நீங்கி நேரே மோட்சம் போகிறார் என்று அவர்கள் போதிக்கிறார்கள். இரத்தசாட்சிகளும் அப்படியே. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருந்தார் என்று அங்கே செம்மண் எடுத்துப் போகிறவர் யாரும் நினைப்பதில்லை. பரிபூரண பலன், அதாவது திருச்சபை வழங்கும் முழுத் தண்டனைக் குறைப்பு, பெற்றவருக்கும் தண்டனை முழுவதும் நீங்குகிறது. அப்படியானால் ஒரு மனிதனை ஒரே நொடியில் முழுதாகச் சுத்தமாக்கிப் பரலோகத்தில் சேர்க்கக் கிறிஸ்துவின் இரத்தம் போதும் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஞானஸ்நானத்தில் செய்ய முடிந்ததை மரணப்படுக்கையில் தம்மை நம்பியிருக்கும் பிள்ளைக்குச் செய்ய அவர் ஏன் தயங்குவார்?

சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பாருங்கள். “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று இயேசு சொன்னார். அவன் சிலுவையில் பட்ட பாடே அவனுக்கு உத்தரிப்பு ஆயிற்று என்று சிலர் விளக்குவார்கள். அவனோ தன் வேதனையை அப்படி எண்ணவில்லை. நாம் செய்ததற்குத் தக்க பலனை அடைகிறோம் என்று மட்டும் சொன்னான். பிறகு தன்னை நினைத்தருளும் என்று கேட்டான்.

1640-களில் எழுதப்பட்ட, புராட்டஸ்டண்டுகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, நீதிமான்களின் ஆத்துமாக்கள் மரணத்தில் பரிசுத்தத்தில் பூரணமாக்கப்பட்டு உன்னதங்களில் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன என்று சொல்கிறது. “இயேசுகிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி, நம்மைச் சுத்திகரிக்கும்” என்ற 1 யோவான் 1:7-ஐ அதன் முழு அளவில் நம்பினால் வந்து சேரும் இடம் அதுதான்.

மக்கபேயர் நூலில் இறந்தவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுத்தார்களே?

2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரம். போரில் விழுந்த யூதப் போர்வீரர்களை அடக்கம் செய்யப் போன யூதா மக்கபே, அவர்களுடைய அங்கிகளுக்குள் யாம்னியா ஊர்ச் சிலைகளின் தாயத்துகள் இருப்பதைக் கண்டான். உடனே பணம் திரட்டி, பாவப் பரிகாரப் பலிக்காக எருசலேமுக்கு அனுப்பினான்.

இந்த நூல் நம் வேதாகமத்தில் இல்லை. எபிரெய மொழி வேதாகமத்தின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. இலத்தீனில் வேதத்தை மொழிபெயர்த்த எரோணிமுவும் அதை வேறு வகையில் வைத்தே பார்த்தார். 1546-இல் திரெந்து சங்கம் அதை மற்ற நூல்களோடு சமமாக அறிவித்தது. இந்தப் பட்டியல் சண்டையை ஒதுக்கிவிட்டு, நூல் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வோம். அந்த வீரர்கள் செத்தது விக்கிரக ஆராதனையில். கத்தோலிக்கப் போதனைப்படி அது சாவான பாவம். சாவான பாவத்தோடு மனந்திரும்பாமல் இறந்தவருக்கு உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாது. அவர்கள் சாகும் நொடியில் மனந்திரும்பியிருக்கலாம் என்று பதில் சொல்வார்கள்; நூலில் அப்படி ஒன்றும் எழுதப்படவில்லை. மேலும், யூதா நினைத்தது உயிர்த்தெழுதலை என்று அதே பத்தி சொல்கிறது. இடையில் ஒரு சுத்திகரிப்பு நிலை இருப்பதாக அதில் வருவதே இல்லை.

1 கொரிந்தியர் 3-இல் அக்கினி வருகிறதே?

“அவனோ இரட்சிக்கப்படுவான், அதுவும் அக்கினியிலகப்பட்டுத் தப்பினதுபோலிருக்கும்” என்ற வசனம். அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து படித்தால் பேச்சு யாரைப் பற்றியது என்று விளங்கிவிடும். பவுல் அஸ்திபாரம் போட்டார், அப்பொல்லோவும் மற்றவர்களும் அதன்மேல் கட்டினார்கள். பொன், வெள்ளி கொண்டு கட்டினவரும் உண்டு. மரம், புல், வைக்கோல் கொண்டு கட்டினவரும் உண்டு. இது ஊழியக்காரர்களின் வேலையைப் பற்றிய பேச்சு. அக்கினி சோதிப்பது “அவனவனுடைய வேலைப்பாடு எத்தன்மையுள்ளது” என்பதை. வேகிறது வைக்கோல், ஆள் அல்ல. அது நடப்பதும் நியாயத்தீர்ப்பின் நாளில். கட்டினவன் நஷ்டமடைகிறான் என்பது உண்மை, அது அச்சமூட்டும் வசனம்தான். போதகர்கள் தங்கள் ஊழியத்தைக் குறித்து நடுங்க வேண்டிய இடம் அது. இறந்த மீனவரின் மனைவியைப் பயமுறுத்துவதற்கு உரியது அல்ல.

“மறுமையிலும் மன்னிக்கப்படுவதில்லை” (மத்தேயு 12:32), “ஒரு காசும் குறைவின்றி” (மத்தேயு 5:26) என்ற வசனங்கள் உத்தரிப்பைக் காட்டுகின்றனவே?

முதலாவது, ஒருபோதும் மன்னிப்பில்லை என்று அழுத்திச் சொல்கிற பேச்சு. மாற்கு 3:29 அப்படித்தான் சொல்கிறது. இரண்டாவது, வழக்காடுகிறவனோடு வழியிலேயே சமாதானமாகு என்ற புத்திமதி. இவற்றின்மேல் ஒரு முழுப் போதனையைக் கட்ட முடியாது.

ஆதிச் சபையார் இறந்தவர்களுக்காகச் செபித்தார்கள் அல்லவா?

செபித்தார்கள். இதை மறுக்கும் புராட்டஸ்டண்டுகள் வரலாற்றைப் படிக்கவில்லை. மரித்தோரின் ஆண்டு நாளில் காணிக்கை படைத்ததை ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் குறிப்பிடுகிறார். என்னை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், பீடத்தில் மட்டும் நினைவுகூருங்கள் என்று சபைப் பிதாவான அகுஸ்தீனுவின் தாய் மோனிக்கா கேட்டுக்கொண்டார்; மகனும் தாய்க்காகச் செபித்தார். அந்தச் செபங்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவை அப்போஸ்தலர்களின் எழுத்தில் இல்லாத வழக்கம் என்பதே நம் நிலை. தெசலோனிக்கே சபையார் இறந்தவர்களைக் குறித்துக் கலங்கியபோது, உத்தரிப்பு என்று ஒன்று இருந்திருந்தால், பவுல் அதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான தருணம் கிடையாது. அவர் சொன்னது உயிர்த்தெழுதலையும் கர்த்தரின் வருகையையும் மட்டும்.

இறந்தவர்களுக்காகச் செபித்த எல்லாரும் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்பினார்கள் என்பதும் சரியல்ல. ஆர்த்தடாக்ஸ் எனப்படும் கிழக்குச் சபையார் இன்றும் செபிக்கிறார்கள். ஆனால் சுத்திகரிப்பு நெருப்பு என்ற இலத்தீன் போதனையை அவர்கள் ஏற்பதில்லை. புளோரன்ஸ் சங்கத்தில் கிழக்குச் சபை ஆயரான எபேசுவின் மாற்கு இணைப்பு அறிக்கையில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அகுஸ்தீனுவே மரணத்துக்குப் பின் அப்படி ஒன்று நடக்கக்கூடும், அது நம்ப முடியாததல்ல என்ற அளவில்தான் ஓரிடத்தில் எழுதினார். ‘கூடும்’ என்று அவர் நிறுத்திய இடத்தில் பின்வந்த சங்கங்கள் ‘உண்டு’ என்று விசுவாசக் கட்டளை ஆக்கின.

இது லூத்தர் தொடங்கிவைத்த வெள்ளைக்காரர் சண்டை. நமக்கு எதற்கு?

1517 அக்டோபர் 31 அன்று விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கூற்றுகள், தண்டனைக் குறைப்புக்கென விற்கப்பட்ட பலன் சீட்டு விற்பனையை எதிர்த்தன. ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பணம் சேர்க்க, யோவான் தெட்செல் என்ற துறவி அவற்றை விற்று வந்தார். அந்தக் கூற்றுகளில் லூத்தர் உத்தரிக்கிற ஸ்தலத்தை இன்னும் மறுக்கவில்லை. 1530-இல்தான் அதை வெளிப்படையாகத் தள்ளினார். ஆனால் 82-ஆம் கூற்றில் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது: கட்டடத்துக்கான பணத்துக்காக எண்ணற்ற ஆத்துமாக்களை விடுவிக்கும் போப், அன்பின் நிமித்தம் எல்லாரையும் ஏன் விடுவிக்கவில்லை?

தமிழ் மண்ணிலும் இந்த வாதம் முந்நூறு ஆண்டு பழையது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் லூத்தரன் விசுவாசத்தைத் தமிழில் எழுதினார்கள். கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவர் அவர்களை மறுத்து ‘வேத விளக்கம்’ எழுதினார். இரண்டு பக்கமும் தமிழில், தமிழருக்காக வாதாடியிருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பேச்சை நாம் தொடர்கிறோம்.

பூசைக்குப் பணம் வாங்குவது பலன் சீட்டு விற்பதுதானே?

அப்படிச் சொல்வது அநியாயம். பலன் விற்பனையைக் கத்தோலிக்கத் திருச்சபையே 16-ஆம் நூற்றாண்டில் தடைசெய்துவிட்டது. பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. காணிக்கை இல்லாவிட்டாலும், குறிப்பாக ஏழைகளின் கருத்துக்காக, பூசை வைக்கும்படி குருக்களை ஊக்குவிக்கிறது.

என் வருத்தம் குருக்கள்மேல் அல்ல. ஒரு விதவை, கணவருக்காக ஆண்டுதோறும் பூசை ஒப்புக்கொடுக்கிறார். பத்து ஆண்டுக்குப் பின்னும் ஒப்புக்கொடுக்கிறார். கணவர் இப்போது மோட்சத்தில் இருக்கிறாரா என்று கேட்டால், யாராலும் சொல்ல முடியாது. தேவைக்கு மேற்பட்ட பூசைகள் வீணாவதில்லை, தேவன் அவற்றை வேறு ஆத்துமாக்களுக்குத் தருகிறார் என்று ஆறுதல் சொல்வார்கள். ஆனாலும் முடிந்தது என்று அறிவிக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை. தடைக்காலத்தில் கடலுக்குப் போக வழியில்லாமல் நகையை அடகு வைக்கும் வீட்டில், கணவரின் ஆத்துமாவுக்கு நாம் செய்தது போதுமா என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. பணம் சிறிதாக இருக்கலாம். அந்தக் கவலை சிறிதல்ல. கிறிஸ்து அதைச் சுமந்து தீர்த்துவிட்டார் என்று அந்த அம்மாவிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கத்தோலிக்கர்களே வேறு மாதிரி விளக்குகிறார்களே?

ஆம். போப் பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எழுதிய சுற்றுமடலில், சுத்திகரிக்கும் நெருப்பு கிறிஸ்துவே எனலாம், அவரைச் சந்திக்கும் தருணம் நம்மைச் சுட்டு மாற்றுகிறது, அதை உலகக் கால அளவால் அளக்க முடியாது என்ற கருத்தை முன்வைத்தார். அழகான விளக்கம். அந்த அளவோடு நின்றால் நமக்கும் அவர்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்காது.

ஆனால் அந்த அளவோடு அவர்கள் நிற்கவில்லை. உத்தரிப்பு என்பது உள்ளத்தைக் குணமாக்கும் சந்திப்பு என்றால், நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய்ச் செபித்து இறந்தவருக்குப் பெற்றுத்தரும் பரிபூரண பலன் எதைக் குறைக்கிறது? குணமாவதைக் குறைக்க யாரும் விரும்பமாட்டார்களே. செலுத்த வேண்டிய தண்டனையைத்தான் அது குறைக்கிறது என்றால், கிறிஸ்து செலுத்திய பிறகு எப்படி மீதி வந்தது என்ற பழைய கேள்விக்கே திரும்பி வருகிறோம். இந்த இரண்டில் எது என்று நான் கேட்ட கத்தோலிக்க நண்பர்கள் இரண்டும் என்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

கடலில் போனவர் திரும்பவில்லை. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும் தருவாயில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் இல்லை, உடலும் இல்லை. அவர் நிலை என்ன?

இந்தக் கரையில் இதைவிடக் கனமான கேள்வி கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, ரயிலோடு போனவர்களுக்கும் வீட்டோடு போனவர்களுக்கும் யார் எதைச் செய்ய முடிந்தது? அங்கே இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது அறுபது ஆண்டு கடந்த கேள்வி.

கத்தோலிக்கத் திருச்சபையும் அப்படிப்பட்டவர்களைக் கைவிடுவதில்லை. பாவத்துக்காக உண்மையாக வருந்தும் மனஸ்தாபம் இருந்தால் போதும், தேவ இரக்கத்தில் நம்பிக்கை வைக்கலாம் என்கிறது. அதற்கு மேல் உத்தரிப்பும் உண்டு என்று சேர்க்கிறது. நாம் அதைச் சேர்ப்பதில்லை. கிறிஸ்துவை நம்பியவர் புயலில் இறந்தாலும் படுக்கையில் இறந்தாலும், இந்தத் தேகத்தை விட்டுக் கர்த்தரிடத்தில் குடியிருக்கப் போகிறார் என்று 2 கொரிந்தியர் 5 சொல்கிறது. எண்ணெய் பூசப்படவில்லை என்பதால் அவர் பின்தங்குவதில்லை. உடல் கிடைக்கவில்லை என்பதற்கும் வேதத்தில் பதில் இருக்கிறது: “சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது.” இறப்புச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் குடும்பத்துக்கு, கர்த்தருடைய கணக்கில் அவர் காணாமல் போனவர் அல்ல என்பதைச் சொல்லுங்கள்.

அவர் விசுவாசியா என்று தெரியாதபோது? அதை நாம் தீர்ப்பதில்லை. அவரைப் படைத்தவர் நீதியுள்ளவர், இரக்கமுள்ளவர். வாயை மூடி அந்த வீட்டாரோடு உட்கார்ந்திருப்பதே ஊழியம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு நான் போகலாமா?

போங்கள். முந்தின வாரமே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சிலுவையில் பெயரைப் புதிதாக எழுதுவார்கள். அன்று மாலை, கடல்காற்றில் சுடர் அணையாதபடி மணலைத் தோண்டிக் குழியாக்கி அதற்குள் மெழுகுவத்தியை நட்டுவைப்பார்கள். காற்று திசை மாறினால் பிள்ளைகள் கையால் சுடரை மறைத்து உட்கார்ந்துகொள்வார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை ஆசீர்வதித்துக்கொண்டே வருவார். உங்கள் மாமனாரின் கல்லறையருகே குடும்பத்தோடு நிற்பதில் ஒரு பாவமும் இல்லை. பூப்போடுங்கள். அவர் வாழ்வுக்காக நன்றி சொல்லுங்கள். இளைப்பாற்றி வேண்டும் செபம் சொல்லப்படும்போது அமைதியாக நின்றால் போதும். யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை.

மாமியார் பூசைக்குப் பணம் கேட்கிறார். என்ன செய்வது?

அவர் கேட்பது உங்கள் இறையியலை அல்ல, தம் கணவர்மேல் உங்களுக்கும் பாசம் இருக்கிறதா என்பதை. அதனால் பணத்தை மறுத்து வாக்குவாதம் தொடங்காதீர்கள். அத்தை, நான் பூசைக்கென்று கொடுக்க என் மனசாட்சி இடம் தரவில்லை; மாமா பெயரில் ஏழைப் பிள்ளை ஒன்றின் பள்ளிக் கட்டணத்தை நான் கட்டுகிறேன், அன்றைய சாப்பாட்டுச் செலவும் என்னுடையது என்று சொல்லுங்கள். நான் அறிந்த வீடுகளில் இதை ஏற்காத மாமியார் குறைவு. கணவரும் கத்தோலிக்கராக இருந்தால் அவர் பணத்தில் அவர் கொடுப்பதைத் தடுக்க உங்களுக்கு உரிமையில்லை.

அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் திதி கொடுப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இராமேசுவரம் கரையில் தர்ப்பணம் செய்கிறவர்கள் வேறொரு நம்பிக்கையின்படி, முன்னோர்க்குப் பிள்ளைகள் ஆற்ற வேண்டிய கடமையாக அதைச் செய்கிறார்கள். கத்தோலிக்கரின் பூசை கிறிஸ்துவின் பலியைச் சார்ந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரு தரப்பையும் புண்படுத்தும். அண்டை வீட்டாரின் சடங்கை எடுத்துக் கத்தோலிக்கரை அடிக்கும் பிரசங்கம் எனக்குப் பிடிக்காது.

நம் சபைகளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா?

இல்லை. இறந்தவருக்காகச் செபிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே, நினைவு ஆராதனைக்கு இவ்வளவு காணிக்கை, போதகருக்கு வேட்டி சட்டை, ஊருக்கு பிரியாணி என்று கடன் வாங்க வைக்கிற சபைகள் உண்டு. ஞானஸ்நானம் எடுக்காமல் இறந்த பிள்ளையின் தாயிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தவர்கள் அந்தத் தாயின் நெஞ்சில் அதைவிடக் கொடிய ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார்கள். இதை நிறுத்தாதவரை கத்தோலிக்கருக்குப் போதிக்க நமக்கு வாய் இருக்காது.

கத்தோலிக்க நண்பரோடு இதைப் பேச எங்கே தொடங்கலாம்?

சாவு வீட்டில் தொடங்காதீர்கள். முப்பதாம் நாள் கழியட்டும். அவராகக் கேட்கும்போது, எபிரெயர் 7 முதல் 10 வரையிலான அதிகாரங்களை அவருடைய வேதாகமத்திலேயே சேர்ந்து வாசியுங்கள். இரு தரப்பு வேதாகமத்திலும் அந்த அதிகாரங்கள் இருக்கின்றன. மொழிபெயர்ப்பு வேறானாலும் பொருள் ஒன்றே. ஒரே தரம் செலுத்தப்பட்ட பலி என்ற பேச்சு எத்தனை முறை வருகிறது என்று அவரே பார்க்கட்டும். மக்கபேயர் நூலில் தொடங்கினால் பேச்சு நூல் பட்டியலிலேயே நின்றுபோகும். லூத்தரில் தொடங்கினால் சண்டையில் முடியும்.